கீர்த்தனைக்குப் பட்டா யார் பெயரில்?

ஆலன் ஜாக்சன் என்று ஒரு அமெரிக்கப் பாடகர். ஜார்ஜியா மாநிலத்துக்காரர். தலையில் கௌபாய் தொப்பி, கையில் கிதார். காதல், கார், ஊர்ப்பெருமை, வார இறுதிக் குடி என்று பாடிப் பெயர் வாங்கியவர். 'கண்ட்ரி மியூசிக்' என்று அங்கே சொல்வார்கள். நம்மூர் பாஷையில் சொன்னால் பட்டிக்காட்டுப் பாட்டு. ஆனால் கோடிக்கணக்கில் பணம் புரளும் பட்டிக்காட்டுப் பாட்டு.

இந்த மனிதர் 2006 பிப்ரவரியில் 'பிரெஷஸ் மெமரீஸ்' என்று ஓர் ஆல்பம் வெளியிட்டார். மொத்தம் 15 பாட்டு. எல்லாமே ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சபையார் பாடுகிற ஞானப்பாட்டுகள். முதலில் இதைக் கடைக்கு அனுப்பும் எண்ணமே அவருக்கு இல்லையாம். அம்மாவுக்குக் கிறிஸ்துமஸ் பரிசாகக் கொடுக்கப் பதிவு செய்தது. பியானோ, கிதார், பின்னால் ஒன்றிரண்டு குரல். ஆலாபனை இல்லை, அலங்காரம் இல்லை. கோவிலில் பக்கத்து பெஞ்சில் ஒருவர் நின்று பாடினால் எப்படி இருக்குமோ அப்படி. அது பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. 2013-ல் இரண்டாம் பாகமும் வந்தது. ரசிகர்கள் வாங்கினார்கள், கேட்டார்கள், கூடவே பாடினார்கள். அவ்வளவுதான் கதை.

சரி, இதே காரியத்தை நம்மூரில் ஒரு பாடகர் செய்தால் என்ன ஆகும்? ஊகிக்க வேண்டியதில்லை. 2018-ல் பதில் கிடைத்துவிட்டது.

அந்த வருடம் ஆகஸ்ட் 25 அன்று சென்னையில் 'இயேசுவின் சங்கம சங்கீதம்' என்ற பெயரில் ஒரு கச்சேரிக்கு ஏற்பாடாகியிருந்தது. பாட இருந்தவர் கர்நாடக இசைப் பாடகர் ஓ.எஸ்.அருண். அழைப்பிதழ் வெளியானதுதான் தாமதம், சமூக வலைத்தளங்களில் வசை மழை. போனில் கேள்விக்கணைகள். கச்சேரி ரத்தானது. அதோடு நிற்கவில்லை. கிறிஸ்தவப் பாட்டை எப்போதோ பாடியவர்கள் யார் யார் என்று பட்டியல் போட ஆரம்பித்தார்கள். நித்யஸ்ரீ மகாதேவன் போன்றவர்கள் விளக்கம் கொடுக்க வேண்டி வந்தது. டி.எம்.கிருஷ்ணா மட்டும் எதிர்த்திசையில் போனார். இனி மாதம் ஒரு கர்நாடக இசைப் பாடலை இயேசுவைப் பற்றியோ அல்லாவைப் பற்றியோ வெளியிடப்போவதாக அறிவித்தார்.

அறிக்கை, எதிர் அறிக்கை, தொலைக்காட்சி விவாதம் எல்லாம் சில வாரங்களில் அடங்கிவிட்டன. ஆனால் கேள்வி அடங்கவில்லை. ராகம் யாருடையது? கீர்த்தனை யாருடையது? ஒரு பாட்டைப் பாட யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

எதிர்த்தவர்கள் சொன்னதை முதலில் நேர்மையாக எடுத்துக்கொள்வோம். அவர்களின் வாதம் இரண்டு. ஒன்று, கர்நாடக இசை வெறும் இசை அல்ல, பக்தியோடு பின்னிப் பிணைந்தது, அதிலிருந்து சாமியைப் பிரித்து எடுத்துவிட்டு மெட்டை மட்டும் வேறு சாமிக்குப் போட முடியாது. இரண்டு, தியாகராஜர் கிருதியில் ராமன் பெயரை எடுத்துவிட்டு இயேசு பெயரைச் செருகுவது திருட்டு.

இரண்டாவது வாதத்தில் நியாயம் உண்டு. ஒருவர் உருகி எழுதிய கிருதியில் பெயரை மட்டும் மாற்றிப் பாடுவது யார் செய்தாலும் தப்புதான். சட்டம் அதைத் தடுக்காது. 1957-ம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, பாட்டு எழுதியவர் இறந்து 60 வருடங்கள் போனால் பாட்டு பொதுச்சொத்து. தியாகராஜர் 1847-லேயே சித்தியடைந்துவிட்டார். ஆனால் சட்டம் வேறு, மரியாதை வேறு. எழுதியவர் யாருக்காக எழுதினாரோ அவர் பெயரிலேயே அந்தப் பாட்டு இருக்கட்டும். இதில் சண்டைக்கு இடமில்லை.

ஆனால் அந்த ஒரு வாதத்தை வைத்துக்கொண்டு, கர்நாடக ராகத்தில் இயேசுவைப் பாடுவதே இரவல் சரக்கு, நேற்று வந்த ஏமாற்று வேலை என்று சொன்னார்களே, அங்கேதான் கணக்கு உதைக்கிறது. கணக்குப் பதிவியலில் முதல் வாரமே ஒரு விதி சொல்லித் தருவார்கள். ஒரு பற்று இருந்தால் அதற்குச் சமமாக ஒரு வரவு இருக்கும். ஒரு பக்கத்தை மட்டும் காட்டினால் அது பேரேடு அல்ல, புரளி. ஆகவே இரண்டு பக்கத்தையும் புரட்டிப் பார்ப்போம்.

தஞ்சாவூர்ப் பக்கம்

வேதநாயகம் சாஸ்திரியார் 1774-ல் திருநெல்வேலியில் பிறந்தவர். பன்னிரண்டு வயது வாக்கில் சுவார்ட்ஸ் ஐயர் அவரைத் தஞ்சாவூருக்குக் கூட்டிக்கொண்டு போனார். பிற்பாடு தஞ்சை மன்னரான இரண்டாம் சரபோஜியும் அதே சுவார்ட்ஸின் வளர்ப்பில் படித்தவர். மன்னரானபின் சரபோஜி, சாஸ்திரியாருக்கு ஆதரவளித்தார். 1864-ல் தஞ்சாவூரில் காலமாகும்வரை சாஸ்திரியார் எழுதிக் குவித்த கீர்த்தனைகள் ஏராளம். இன்றைக்கும் தமிழ்ச் சபைகளில் பாடப்படுகின்றன. கீர்த்தனைப் புத்தகத்தைத் திறந்தால் ஒவ்வொரு பாட்டின் தலையிலும் ராகம் இன்னது, தாளம் இன்னது என்று அச்சிட்டிருக்கும்.

இப்போது தேதிகளைப் பாருங்கள். தியாகராஜரின் காலம் 1767 முதல் 1847 வரை. முத்துசுவாமி தீட்சிதரின் காலம் 1775 முதல் 1835 வரை. சாஸ்திரியார் இவர்களின் சமகாலத்தவர். தியாகராஜர் வாழ்ந்த திருவையாறு, தஞ்சாவூரிலிருந்து கூப்பிடு தூரம் இல்லையென்றாலும் மாட்டுவண்டி தூரம். ஒரே காவிரித் தண்ணீர், ஒரே அரசவை, ஒரே ராகங்கள். அண்ணன் தம்பிபோல அக்கம்பக்கத்தில் வளர்ந்த இரண்டு மரபுகளில் ஒன்றைப் பார்த்து "நீ நேற்று வந்தவன்" என்று சொன்னால் அது எப்படிச் சரியாகும்?

சாஸ்திரியாரின் புகழ்பெற்ற நூல் பெத்லகேம் குறவஞ்சி, 1800-ம் ஆண்டு. குறவஞ்சி என்ற வடிவத்தை அவர் ஐரோப்பாவிலிருந்து கொண்டுவரவில்லை. திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலநாதரை வைத்துப் பாடிய அதே வடிவம். குற்றாலக் குறவஞ்சி பிறந்ததும் திருநெல்வேலிச் சீமையில்தான். தலைவி காதல் வயப்படுகிறாள், குறத்தி வந்து குறி சொல்கிறாள். இங்கே தலைவன் குற்றாலநாதர் இல்லை, பெத்லகேம் நாதர். இது பெயரை மாற்றிப் போட்ட திருட்டா? இல்லை. ஒரு தமிழ்க் கவிராயர் தன் சொந்த மொழியில், தனக்குத் தெரிந்த வடிவத்தில், தன் சாமியைப் பாடியிருக்கிறார். வேறு எப்படிப் பாடுவார்?

எட்டயபுரம் பக்கம்

அடுத்த பக்கம் இன்னும் சுவாரசியம். பாஞ்சாலங்குறிச்சிக்காரர்களுக்கு எட்டயபுரம் என்றால் கட்டபொம்மன் கதையில் வரும் பக்கத்துப் பாளையம், கம்பெனியோடு சேர்ந்துகொண்ட பாளையம். 1799 அக்டோபர் 16-ல் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801-ல் ஊமைத்துரையின் போருக்குப் பிறகு கோட்டை தரைமட்டமாக்கப்பட்டது. இன்றைக்கு பாஞ்சாலங்குறிச்சியில் இருப்பது 1974-ல் தமிழக அரசு கட்டிய நினைவுக் கோட்டை.

அந்த எட்டயபுரத்தில்தான் முத்துசுவாமி தீட்சிதர் 1835 தீபாவளியன்று காலமானார். அவர் சமாதி இன்றும் அங்கே இருக்கிறது. சாஸ்திரீய சங்கீதத்தின் மும்மூர்த்திகளில் ஒருவர். அவருடைய பாடல்களில் 'நோட்டு சுவர சாகித்யம்' என்று சுமார் 40 சிறு பாடல்கள் உண்டு. அவை என்ன தெரியுமா? வெள்ளைக்காரன் பாண்ட் வாசித்த மெட்டுகளுக்கு வடமொழியில் எழுதிய சாமி பாட்டுகள். அதில் ஒன்றின் மெட்டு, இங்கிலாந்து மன்னரைக் கடவுள் காப்பாற்றட்டும் என்கிற பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டு!

யோசித்துப் பாருங்கள். எந்த அரசின் ராணுவம் பாஞ்சாலங்குறிச்சியை இடித்துத் தள்ளியதோ, அந்த அரசின் கீத மெட்டில் நம் மும்மூர்த்திகளில் ஒருவர் அம்பாளைப் பாடியிருக்கிறார். அதனால் அம்பாளுக்குக் குறை வந்துவிட்டதா? இங்கிலாந்திலிருந்து யாராவது "எங்கள் மெட்டைத் திருப்பிக் கொடு" என்று ஓலை அனுப்பினார்களா? இல்லை. பிள்ளைகளுக்கு ஆரம்பப் பாடமாக இன்றும் நோட்டுசுவரம் சொல்லித் தருகிறார்கள்.

வயலினை எடுத்துக்கொள்ளுங்கள். வயலின் இல்லாமல் இன்றைக்கு ஒரு கச்சேரி மேடையை நினைத்துப் பார்க்க முடியாது. அது ஐரோப்பிய வாத்தியம். அதை நம் இசைக்குக் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒருவர் தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர். அவர் எட்டயபுரம் சமஸ்தான வித்வான்.

இன்னும் ஒரு வரி பாக்கி. தீட்சிதர் கிருதிகளை ஸ்வரக்குறிப்போடு உலகுக்குக் கொடுத்த நூல் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'. சுப்பராம தீட்சிதர் எழுதி 1904-ல் எட்டயபுரத்தில் அச்சானது. அந்தக் கிழவரிடம் இருந்த பொக்கிஷம் அவரோடு போய்விடக் கூடாது, அச்சில் ஏற வேண்டும் என்று விடாமல் வற்புறுத்தியவர்களில் முக்கியமானவர் ஏ.எம்.சின்னசாமி முதலியார். சென்னையில் அரசு வேலை பார்த்தவர். கர்நாடகக் கிருதிகளை ஐரோப்பிய இசைக்குறிப்பில் எழுதி வெளியிட 1890களிலேயே பாடுபட்டவர். அவர் ஒரு கிறிஸ்தவர்.

அதேபோல 'கருணாமிர்த சாகரம்' என்ற மாபெரும் இசை ஆராய்ச்சி நூலை 1917-ல் வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதர், தென்காசிப் பக்கம் சாம்பவர் வடகரையில் பிறந்த கிறிஸ்தவர். சொந்தக் காசைச் செலவழித்துத் தஞ்சாவூரில் சங்கீத மாநாடுகள் நடத்தியவர். அந்தப் பக்கத்திலிருந்து இன்னொன்று. ஷேக் சின்ன மௌலானா ஸ்ரீரங்கத்தில் வாழ்ந்து நாதஸ்வரம் வாசித்தவர். கே.ஜே.யேசுதாஸ் பாடிய ஐயப்பன் பாட்டு இல்லாமல் சபரிமலையில் நடை சாத்துவதில்லை.

இப்போது பேரேட்டைக் கூட்டிப் பாருங்கள். யார் யாருக்குக் கடன்? கூட்டினால் இரண்டு பக்கமும் சமமாகத்தான் வரும். "எங்கள் ராகத்தை எடுத்துக்கொண்டார்கள்" என்று சொல்பவர் முதலில் வயலினைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொல்லட்டும்.

சபையின் பக்கம்

இதுவரை படித்துவிட்டு கிறிஸ்தவ நண்பர்கள் கை தட்டியிருப்பார்கள். கொஞ்சம் பொறுங்கள். பூட்டு அந்தப் பக்கம் மட்டும் இல்லை.

சாஸ்திரியார் பெரிய கவி. சந்தேகமில்லை. ஆனால் அவர் சாதியை விட்டவர் அல்ல. 1820களில் தஞ்சாவூர்ச் சபையில் சாதி வித்தியாசம் கூடாது என்று மிஷனரிகள் கட்டாயப்படுத்தியபோது, அதை எதிர்த்து எழுதியவர்களில் அவர் முன்னணியில் இருந்தார். இதைச் சொல்வதால் அவர் பாட்டின் சுவை குறையாது. சொல்லாமல் மறைத்தால்தான் கணக்கில் பொய் வரும்.

1853-ல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். பெரும்பாலும் சாஸ்திரியார் பாட்டுகள். அதன்பிறகு தமிழ்ச் சபைக்கு இரண்டு கை ஆயிற்று. ஒரு கையில் மேல்நாட்டு மெட்டில் மொழிபெயர்த்த பாமாலை. இன்னொரு கையில் ராக தாளத்தோடு கீர்த்தனை. பாமாலை வெள்ளைக்காரப் பாட்டு, கீர்த்தனைதான் நம் பாட்டு என்று பெருமை பேசுவது வழக்கமாயிற்று.

அந்தப் பெருமையைக் கேள்வி கேட்டவர் தியாஃபிலஸ் அப்பாவு. மதுரை அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியர். 'பரட்டை' என்ற பெயரில் பாட்டு எழுதினார். 2005-ல் காலமானார். அவர் கேட்டதன் சாரம் இதுதான். "நம் பாட்டு" என்கிறீர்களே, அந்த "நம்" யார்? சபையில் பாதிக்கு மேல் வயல்காட்டிலும் சேரியிலும் இருந்து வந்தவர்கள். அவர்கள் வீட்டில் புழங்கியது தெம்மாங்கு, கும்மி, ஒப்பாரி, பறை. சபைக்குள் வந்ததும் அவர்கள் பாட்டை வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டு, மேல்சாதியார் ரசித்த ராகத்தில் பாட வேண்டுமா? பறை தீட்டு என்று ஊர் சொன்னதைச் சபையும் சொல்லலாமா?

கேட்டதோடு நிற்காமல் கிராமிய மெட்டிலேயே முழு வழிபாட்டு முறையை அமைத்தார். நாட்டுப்புறப் பாட்டுக்கு ஒரு குணம் உண்டு. பாடுகிறவர் தன் பாட்டுக்கு ஒரு வரியைச் சேர்ப்பார், ஒரு வரியை விடுவார், ஊருக்கு ஏற்ப மாற்றுவார். அதைக் குறையாக நினைக்காமல் அதுவே விடுதலை என்றார் அப்பாவு. 'ஒரே உலை' என்பது அவருக்குப் பிடித்த படிமம். ஒரே பானையில் பொங்கி எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் குடும்பம். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துச் சபைகளில் பண்டிகைக்கு அசனம் போடுவார்களே, அதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அமெரிக்க இசை ஆய்வாளர் சோயி ஷெரினியன் 2014-ல் அப்பாவுவைப் பற்றி ஒரு முழு நூலே எழுதினார். நம்மூரில் எத்தனை சபைகளுக்கு அவர் பெயர் தெரியும்?

அசனத்தில் ஒரே பானைச் சோறு. ஆனால் பாட்டில் தனித்தனிப் பானை. இதுதான் சபையின் பூட்டு.

அப்படியென்றால் கீர்த்தனை வேண்டாமா? அப்படி இல்லை. இங்கேதான் ஆலன் ஜாக்சன் உதவுகிறார். அவர் அந்தப் பாட்டுகளைப் புதிதாக்கவில்லை, பெரிதாக்கவில்லை. தன் அம்மா கூடப் பாட முடிகிற மாதிரி பாடினார். சபைப் பாட்டுக்கு இதைவிடப் பெரிய இலக்கணம் கிடையாது. கேட்டவர் கூடப் பாட முடிய வேண்டும். ஒரு கண்ட்ரி பாடகர் பாடினாலும், கர்நாடக வித்வான் பாடினாலும், பறையடித்துக்கொண்டு ஒரு கிராமத்துச் சபை பாடினாலும் அளவுகோல் அது ஒன்றுதான். அங்கே பாட்டுக்கு உயிர் இருந்தால் பட்டா தேவையில்லை. உயிர் இல்லாவிட்டால் பட்டா இருந்தும் பயனில்லை.

கட்டபொம்மன் கதை எப்படிப் பிழைத்தது என்று பாருங்கள். கோட்டையை இடித்தார்கள். ஆவணங்களை எழுதியது கம்பெனி. ஆனால் இந்தக் கரிசல் காட்டு ஜனங்கள் கதைப்பாடலாகவும் கும்மியாகவும் பாடிக்கொண்டே இருந்தார்கள். நா.வானமாமலை போன்றவர்கள் பின்னால் தேடிப்பிடித்துப் பதிப்பிக்கும் அளவுக்கு அந்தப் பாட்டு உயிரோடு இருந்தது. அதைப் பாட யாரும் யாரிடமும் அனுமதி வாங்கவில்லை. இன்ன சாதிக்காரர்தான் பாடலாம், இன்ன சாமி கும்பிடுபவர்தான் பாடலாம் என்று பூட்டியிருந்தால் கோட்டையோடு பாட்டும் போயிருக்கும்.

பூட்டினால் என்ன ஆகும் என்பதற்கு 2018-ன் இழப்பே கணக்கு. ஒரு கச்சேரி ரத்தானது மட்டும் இழப்பு அல்ல. அதற்குப் பிறகு எத்தனை பாடகர்கள், "எதற்கு வம்பு" என்று கீர்த்தனைப் பக்கமே தலைவைக்காமல் இருந்திருப்பார்கள்? பாடாமல் போன கச்சேரிக்கு ரசீது கிடையாது. அதனால் அந்த நஷ்டம் எந்தக் கணக்கிலும் ஏறாது.

செய்ய வேண்டியது ஒன்றும் பெரிய புரட்சி இல்லை. மார்கழிக் கச்சேரியில் தீட்சிதருக்குப் பக்கத்தில் சாஸ்திரியார் கீர்த்தனை ஒன்றும் இடம்பெறட்டும். பெயரை மாற்றாமல், மெட்டை ஒட்டவைக்காமல், அவர் எழுதியது எழுதியபடியே. சபைகள் கீபோர்டில் பட்டனைத் தட்டி எல்லாப் பாட்டுக்கும் ஒரே தாளம் போடுவதை விட்டுவிட்டு, புத்தகத்தில் தலைப்பிலேயே அச்சிட்டிருக்கும் ராகத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரட்டும். அதே சபை, பறையைப் பண்டிகை ஊர்வலத்தோடு நிறுத்திவிடாமல் பீடத்துக்குப் பக்கத்திலும் விடட்டும்.

2018-ல் ரத்தான அந்தக் கச்சேரியை யாராவது ஒருவர் மறுபடி அறிவிக்கட்டும். சென்னையில் பயமாக இருந்தால் எட்டயபுரத்தில் வையுங்கள். தீட்சிதர் கோபித்துக்கொள்ள மாட்டார். அவரே அடுத்தவர் மெட்டில் பாடியவர்தானே.